கையில் தொட்டு, கருத்தில் பதித்து: மலைப் பள்ளிகளும் செயல்வழிக் கற்றலும்

நீலகிரி மாவட்டத்தில் உதகையிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், அவலாஞ்சி மலைகளை ஒட்டி அமைந்துள்ள எமரால்டு, 1956-இல் கனடா நாட்டின் உதவியுடன் தொடங்கப்பட்ட குந்தா நீர்மின் திட்டத்துக்காக எழுப்பப்பட்ட அணையாலும், சுற்றிலும் சரிந்திறங்கும் தேயிலைத் தோட்டங்களாலும், கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளையும் காய்கறி நிலங்களாலும் அறியப்படும் ஊராகும். ஹட்டி எனப்படும் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் படுகர்களும், 1964-ஆம் ஆண்டின் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து இலங்கையின் மலையகத்திலிருந்து நீலகிரிக்கு வந்து குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களும், சமவெளியிலிருந்து வேலை தேடி வந்தவர்களும், மலையின் மூத்த குடிகளான பழங்குடி மக்களும் அடுத்தடுத்து வாழும் இம்மலைப் பகுதியில், தொடக்கப் பள்ளி வகுப்பறை என்பது பல வீடுகளும் பல பேச்சு வழக்குகளும் ஒரே கூரையின்கீழ் கூடும் இடமாக இருக்கிறது.

இத்தகைய மலையூர்ப் பள்ளிகளின் முதன்மையான இயல்பு அவற்றின் சிறிய அளவு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 குழந்தைகள் வரை பயிலும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதுமானவர்கள். ஆனால் வகுப்புகளோ ஐந்து. ஐந்து வயதுக் குழந்தையும் பத்து வயதுக் குழந்தையும் ஓர் அறையில் அமர்ந்திருக்க, ஒரே ஆசிரியர் இரண்டு அல்லது மூன்று வகுப்புகளை ஒரு சேர நடத்தும் இந்நிலையைக் கல்வியாளர்கள் ‘பல்வகுப்புக் கற்பித்தல்’ என்பர். ஆசிரியர் கரும்பலகைக்கு முன் நின்று மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லும்போது, முதல் வகுப்புக் குழந்தைகள் கைகட்டி வாய்பொத்தி அமர்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லாத பழைய முறை, இவ்வகைப் பள்ளிகளில் குழந்தையின் பொழுதில் பாதியையேனும் வீணாக்கிவிடுகிறது. குழந்தைகள் பொருள்களைக் கையாண்டு, தமக்குள் பேசி, செய்து பார்த்துக் கற்கும் செயல்வழிக் கற்றல், வகுப்பறைக்கு உற்சாகம் ஊட்டும் வேடிக்கையாகவே பலராலும் எண்ணப்படுகிறது. உண்மையில் அது ஆசிரியர் தொகை குறைந்த சிறிய பள்ளியின் நெருக்கடிக்கு விடையாக உருவான, கட்டுக்கோப்பான ஓர் ஏற்பாடாகும்.

மணலில் எழுதிய கைகள்

மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தருவதும், குழந்தைகள் தரையில் அமர்ந்து கையால் செய்து கற்பதும் தமிழகத்துக்குப் புதியவை அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுத்தை வரைந்தே குழந்தைகள் எழுதத் தொடங்கினர்; ஆசிரியருக்கு உதவியாகச் சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவன் இளையவர்களின் பாடத்தைக் கேட்டுத் திருத்தினான். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், இந்நாட்டுப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் புகுத்தி, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையாக விரித்து, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் அது பரவியது. அம்முறை தோன்றிய எழும்பூர்ப் பள்ளி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 1858-இல் நிறுவப்பட்டு, இன்று உதகைக்கு அருகிலுள்ள லவ்டேலில் இயங்கும் லாரன்ஸ் பள்ளியுடன் இணைக்கப்பட்டதால், இந்த வரலாற்றின் ஒரு கிளை நீலகிரி மலையிலேயே வந்து சேர்ந்தது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இரண்டு நீரோட்டங்கள் இச்சிந்தனையை வளப்படுத்தின. 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, நூற்பு, பயிர்த்தொழில் போன்ற கைத்தொழில் ஒன்றை மையமாகக் கொண்டு மொழியும் கணக்கும் கற்பிக்கப்பட வேண்டும் என்றது. 1939-இல் சென்னை அடையாறில் உள்ள பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று வந்த இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி, போர்க் காலத்தில் ஐரோப்பா திரும்ப இயலாமல் கொடைக்கானல் மலையில் தங்கியிருந்த ஆண்டுகளில், செடிகளையும் நீரோட்டங்களையும் பூச்சிகளையும் குழந்தைகள் நேரில் ஆராய்வதை அடிப்படையாகக் கொண்டு, ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கான தம் கல்வித் திட்டத்தை உருவாக்கினார். மணிகளையும் கட்டைகளையும் கொண்ட அவரது கற்றல் கருவிகளின் சாயலை இன்று தமிழக அரசுப் பள்ளிகளின் கணிதப் பெட்டிகளிலும் காணலாம்.

இன்றைய செயல்வழிக் கற்றலுக்கு உடனடி மூலமாக அமைந்தது ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி. அங்குள்ள கிராமப்புறக் கல்வி மையத்தில் பத்மநாப ராவும் ரமாவும், ஒரே ஆசிரியரைக் கொண்ட சிற்றூர்ப் பள்ளிகளுக்காக, பாடநூலைச் சிறு சிறு செயல் அட்டைகளாகப் பிரித்து, ‘பெட்டிக்குள் ஒரு பள்ளி’ என்னும் பொருள்படப் பெயரிட்ட கற்றல் தொகுப்பை உருவாக்கினர். அப்போது சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால் ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குச் சென்று பயின்று திரும்பி, தாங்களே தமிழ் அட்டைகளைத் தயாரிக்க, 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய முயற்சி, விரைவில் மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும், 2007–08 கல்வியாண்டில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக மாநிலமெங்கும் 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. சிற்றூரின் ஓராசிரியர் பள்ளிக்காகப் பிறந்த முறை பெருநகருக்குச் சென்று, அங்கிருந்து மலையூர்ப் பள்ளிகளை வந்தடைந்தது என்ற இந்தப் பயணம், அது யாருக்கு மிகவும் பொருந்துகிறது என்பதை உணர்த்துகிறது.

அட்டையும் ஏணியும்

செயல்வழிக் கற்றல் வகுப்பறையின் நடுநாயகம் ‘கற்றல் ஏணி’. ஒரு பாடத்தில் ஆண்டு முழுவதும் குழந்தை அடைய வேண்டிய திறன்களைச் சிறு படிநிலைகளாகப் பகுத்து, ஒவ்வொரு படிநிலைக்கும் அறிமுகம், பயிற்சி, வலுவூட்டல், மதிப்பீடு என்ற வரிசையில் அட்டைகளை அமைத்து, அவ்வரிசையைப் படக் குறியீடுகளால் காட்டும் சுவர்ப்படமே ஏணி எனப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத முதல் வகுப்புக் குழந்தையும் தன் படம் ஏணியில் எங்கிருக்கிறது என்று பார்த்து, அதே படமும் எண்ணும் கொண்ட அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ள முடியும். மூன்று நாள் காய்ச்சலால் வராத குழந்தை, திரும்பி வந்ததும் விட்ட படியிலிருந்தே ஏறலாம். பாடம் அதற்காகக் காத்திருக்கும்.

குழந்தைகள் வகுப்பு வரிசைப்படி அமராமல், எடுத்த அட்டையின் தன்மைக்கேற்ப ஆறு குழுக்களாகத் தரையில் வட்டமாக அமர்ந்தனர். ஆசிரியரின் முழுத் துணை வேண்டியோர், பகுதித் துணை வேண்டியோர், சக மாணவரின் முழுத் துணை அல்லது பகுதித் துணை போதுமானோர், தாமே கற்போர், மதிப்பீடு செய்துகொள்வோர் என்பவையே அக்குழுக்கள். புதிய கருத்தை முதன்முதலாகச் சந்திக்கும் குழந்தைகள் மட்டுமே ஆசிரியரைச் சூழ்ந்திருக்க, ஏனையோர் தம் பணியில் ஈடுபட்டிருப்பதால், 30 பேருக்கும் பொதுவாகப் பேசிக் களைக்கும் ஆசிரியருக்கு, ஐந்தாறு பேரின் அருகில் அமர்ந்து ஒவ்வொருவரின் விரலையும் கண்ணையும் கவனிக்கும் வாய்ப்பு கிடைத்தது. இம்முறையின் பெரிய ஆதாயம் இதுதான்.

அறையின் அமைப்பும் இதற்கேற்ப மாறியது. சுவரின் அடிப்பகுதியைச் சுற்றிலும் குழந்தையின் உயரத்துக்கேற்பக் கீழ்மட்டக் கரும்பலகைகள் தீட்டப்பட்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் எழுதவும் வரையவும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. தலைக்கு மேலே கட்டப்பட்ட கம்பிப் பந்தலில் குழந்தைகளின் படங்களும் கைவேலைகளும் தொங்கவிடப்பட்டன. வருகையைக் குழந்தைகளே பதிந்தனர். அன்றைய வானம் வெயிலா, மேகமா, மழையா என்று காலநிலை அட்டவணையில் நாள்தோறும் குறித்தனர்.

குச்சிக் கட்டு சொல்லும் கணக்கு

செயல் எப்படி அறிவாகிறது என்பதை ஒரு கழித்தல் கணக்கைக் கொண்டு அறியலாம். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளில் சிலர் 35 என்று எழுதுவர். மேலே உள்ள 2-இலிருந்து 7 போகாது என்பதால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்றும், நான்கிலிருந்து ஒன்றைக் கழித்து மூன்று என்றும் அவர்கள் முடிவு செய்கின்றனர். ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்ற வாய்பாட்டை மனப்பாடமாக்கினால் விடை சரியாக வரலாம். ஆனால் கடனாக வாங்கிய ஒன்று எதனால் பத்தாகிறது என்ற ஐயம் தீராமலே தங்கிவிடும்.

தேயிலைச் செடிகளைக் குறிப்பிட்ட ஆண்டு இடைவெளியில் வெட்டிச் சீர்செய்வதைத் தோட்டங்களில் ‘கவாத்து’ என்பர். கவாத்துக் காலத்தில் மலையெங்கும் கிடைக்கும் காய்ந்த குச்சிகளை ஒரே அளவில் ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் வளையத்தால் கட்டி, நான்கு கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் குழந்தையின் முன் வைத்து, 17 குச்சிகளை எடுத்துத் தரச் சொன்னால் நிலைமை மாறுகிறது. ஏழு உதிரிகள் வேண்டும், இருப்பதோ இரண்டு. சற்றுத் தயங்கிய பின், குழந்தை ஒரு கட்டின் வளையத்தைக் கழற்றும். இப்போது மூன்று கட்டுகளும் 12 உதிரிகளும் இருக்கின்றன, ஏழு உதிரிகளையும் ஒரு கட்டையும் எடுத்தால் இரண்டு கட்டுகளும் ஐந்து உதிரிகளும் எஞ்சுகின்றன, விடை 25. வளையத்தைக் கழற்றிய அந்தக் கணத்தில், ‘கடன்’ எனப்பட்டது கட்டை உதிரியாக்குவதே என்பதும், எண்ணின் இடமதிப்பு என்பது கட்டும் உதிரியுமே என்பதும் அதற்குப் புலனாகின்றன.

ஆனால் குச்சியோடு நின்றுவிட்டால் கற்றல் முழுமையடையாது. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் விளக்கியபடி, அறிவு செய்கையாகவும், பின் படமாகவும், பின் குறியீடாகவும் மனத்தில் வடிவம் கொள்கிறது. எனவே குச்சிகளைக் கையாண்ட குழந்தை, அடுத்து நீண்ட கோடுகளாகக் கட்டுகளையும் புள்ளிகளாக உதிரிகளையும் வரைந்து அதே கணக்கைச் செய்து, அதன் பின்னரே எண்களால் எழுத வேண்டும். இந்தப் பாலத்தைக் கடக்க உதவாத செயல்பாடு கைக்கு வேலை தந்து கருத்துக்குப் பட்டினி போட்டுவிடும்.

மழையை அளக்கும் வகுப்பு

நீலகிரியின் மேற்குச் சரிவுக்கு மழையே பெரிய பாடநூல். 2019 ஆகஸ்ட் மாதத்தில் எமரால்டுக்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 செ.மீ.க்கும் மேல் மழை பதிவாகி, நாடெங்கும் செய்தியானது. அந்த எண் பெரியவர்களுக்கே எளிதில் பிடிபடாதது. ஆனால் வகுப்பறைச் சுவரில் தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்து, முதல் வகுப்புக் குழந்தையை அதன் அருகில் நிறுத்தினால், பெய்த நீர் ஓடாமலும் உறிஞ்சப்படாமலும் நின்றிருந்தால் அக்குழந்தையின் மார்பளவு வந்திருக்கும் என்பதை எல்லாக் குழந்தைகளும் ஒரே பார்வையில் உணர்ந்துகொள்வர்.

பக்கங்கள் நேராக உள்ள ஒரு கண்ணாடிக் குப்பி, ஓர் அளவுகோல், திறந்த வெளியில் ஒரு சமதளக் கல் ஆகியவை இருந்தால் எந்தப் பள்ளியும் மழையை அளக்கலாம். அகலமான குப்பியிலும் ஒடுக்கமான குப்பியிலும் ஒரே மழை ஒரே உயரத்துக்குத்தான் நிற்கும் என்பதைக் குழந்தைகள் முதலில் நம்பமாட்டார்கள். அகன்ற வாயில் மிகுதியாக மழை விழும், ஆகவே நீர் மட்டம் உயரும் என்பதே அவர்களது கணிப்பாக இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து, மறுநாள் காலையில் அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது அக்கணிப்பு பொய்யாகிறது. மிகுதியாக விழுந்த நீர் அகன்ற அடிப்பரப்பில் பரவிவிடுவதை அவர்களே கண்டு சொல்வர். முன்கூட்டிக் கணித்து, செய்து பார்த்து, கணிப்பைத் திருத்திக்கொள்ளும் இந்த மூன்று நிலைகளே அறிவியல் முறையின் வித்து.

ஐந்தாம் வகுப்புக்கு இதே குப்பி பரப்பளவுக் கணக்காகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். பள்ளிக் கூரை 40 சதுர மீட்டர் எனில் 10 மி.மீ. மழைக்கு 400 லிட்டர்; 15 லிட்டர் பிடிக்கும் குடத்தால் அளந்தால் 26 குடத்துக்கும் மேல். வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து பழகிய குழந்தைக்கு, குடக் கணக்கில் சொல்லப்படும் மழை மறப்பதற்குரியதன்று. காலநிலை அட்டவணையில் குறித்த மழை நாள்களையும் உறைபனி நாள்களையும் மாத இறுதியில் கட்டங்களாக நிரப்பினால், அதுவே அவர்களின் முதல் வரைபடமாகும்.

இவ்வாறே, கேரட்டையும் உருளைக்கிழங்கையும் முட்டைக்கோசையும் மேசையில் பரப்பி, எது வேர், எது தண்டு, எது இலை என்று பிரிக்கச் சொல்வதும் இம்மலைக்குரிய பாடமே. மண்ணுக்கடியில் விளைவதெல்லாம் வேர் என்று எண்ணும் குழந்தையிடம், விதைக்கிழங்கில் முளை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், ‘கண்ணிலிருந்து’ என்று தயங்காமல் விடை வரும். அந்தக் கண்களே மொட்டுகள் என்பதையும், மொட்டுகளை இவ்வாறு வரிசையாகத் தாங்குவது தண்டு என்பதையும் அடுத்து எடுத்துக்காட்டினால், வயலில் கண்டறிந்ததும் நூலில் படிப்பதும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கின்றன.

வீட்டு மொழியும் பள்ளி மொழியும்

படுக மொழி தமிழோடும் கன்னடத்தோடும் உறவுடைய தென் திராவிட மொழி. தமிழில் ‘பால்’ என்பது அதில் ‘ஹாலு’ ஆகிறது. தோடர், கோத்தர் மொழிகளும் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்த தனி மொழிகள். இவற்றில் ஒன்றை வீட்டில் பேசி வளர்ந்த ஐந்து வயதுக் குழந்தை, பள்ளியில் எழுத்தோடு சேர்த்துப் பள்ளித் தமிழின் சொற்களையும் கற்க வேண்டியிருக்கிறது. கரும்பலகையைப் பார்த்து ஒருங்கே ஒப்பிக்கும் வகுப்பில் இக்குழந்தையின் திகைப்பு யாருக்கும் தெரியாமல் கூட்டக் குரலில் மறைந்துவிடும். பொருளைக் கையில் வைத்து அதன் பெயரைச் சொல்லும் சிறு குழுவில், தன் மொழிப் பெயரைச் சொல்லவும், அருகிலிருக்கும் தோழன் சொல்லும் தமிழ்ப் பெயரைக் கேட்கவும், இரண்டையும் ஒப்பிடவும் அதற்கு இடம் கிடைக்கிறது. ‘பா’ எழுத்தட்டையோடு பால் படமும், அதன் அருகே குழந்தைகள் தாமே சொல்லும் ‘ஹாலு’ என்ற சொல்லும் இடம்பெறும்போது, வீட்டு மொழி வெட்கத்துக்குரியதாக இல்லாமல் எழுத்துக்கு ஏறும் படியாகிறது. நீலகிரியின் மறுகோடியில் உள்ள கூடலூரில், பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் உள்ளிட்ட பழங்குடிக் குழந்தைகளுக்காக நடத்தப்படும் வித்யோதயா பள்ளி, பழங்குடிகளின் பாடல்களையும் கதைகளையும் காட்டறிவையும் பாடத்தின் பகுதியாக்கி, இவ்வழியில் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறது.

நிறைகளும் குறைகளும்

மாநிலமெங்கும் பரவியபோது செயல்வழிக் கற்றல் கடுமையான கேள்விகளையும் சந்தித்தது. பாடநூலும் வீட்டுப்பாடமும் இல்லாமல் பிள்ளை என்ன படிக்கிறது என்று பெற்றோர் வினவினர். அட்டைகள் கிழிந்தும் தொலைந்தும் போனதால் ஏணியின் படிகள் விடுபட்டன. எங்கோ அச்சிட்ட அட்டைகளை வரிசை தவறாமல் முடிப்பதே குறிக்கோளானபோது, செயல்பாடு என்ற பெயரிலேயே புதிய மனப்பாடம் உருவானது. இக்கேள்விகளில் நியாயம் இருந்தது. 2012–13-இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் தொடக்க வகுப்புகளுக்கு வந்தபோது பாடநூல்கள் பருவவாரியாகப் பிரிக்கப்பட்டு, குழுக்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டு, முறை எளிமையாக்கப்பட்டது.

கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்யும் பொருட்டு, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்ற இலக்கோடு, இதே மரபைத் தொடர்கிறது. குழந்தைகள் அவர்களது கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகக் கொள்ளப்படுகின்றனர்; வகுப்பறையில் பாடல், கதை, பொம்மலாட்டம், படைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் களங்கள் அமைக்கப்படுகின்றன. முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கிய இத்திட்டம் 2023–24-இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. முறையின் பெயர் மாறினாலும், குழந்தை நிற்கும் படியை அறிந்து அங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அட்டையை அச்சகம் தரலாம். கவாத்துக் குச்சியையும் விதைக்கிழங்கையும் மழைக் குப்பியையும் அந்தந்த ஊர் ஆசிரியர்தான் தேடித் தர முடியும். அதற்கு அவருக்கு வேண்டியவை, பதிவேடுகளின் சுமையிலிருந்து சற்றே விடுபட்ட நேரமும், ஊருக்கேற்ற செயல்பாட்டைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமையும், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களோடு கூடி அவற்றைப் பகிர்ந்து திருத்திக்கொள்ளும் வாய்ப்புமே. சட்டமும் இதற்கு இடம் தருகிறது: செயல்பாடுகள், கண்டறிதல், ஆராய்தல் ஆகியவற்றின் வழியாகவே கற்றல் நிகழ வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது.

மலையூர்ப் பள்ளியின் குழந்தைத் தொகை குறைவு என்பது பெரும்பாலும் கவலையோடு பேசப்படும் செய்தி. ஆனால், 20 குழந்தைகள் மட்டுமே உள்ள அறையில் ஒவ்வொரு குழந்தையும் ரப்பர் வளையத்தைக் கழற்றும் கணத்தை ஆசிரியர் தம் கண்ணால் பார்க்க முடியும். மூன்றாம் வகுப்பு அக்கா முதல் வகுப்புத் தம்பியின் விரலைப் பிடித்து எழுத்தின் வளைவைக் காட்ட முடியும். மழை விட்ட காலையில் பள்ளி முழுவதும் ஒரே குப்பியைச் சுற்றிக் கூட முடியும். பெரிய பள்ளிகள் அரும்பாடுபட்டு உருவாக்க முயலும் இந்நெருக்கம் மலையூர்ப் பள்ளிக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. அதை அறிந்து பயன்படுத்தும் பள்ளியில் ஐந்து வகுப்பும் இரண்டு ஆசிரியரும் என்ற கணக்கு பற்றாக்குறையாகத் தோன்றுவதில்லை. கற்பிப்பவர்களின் எண்ணிக்கையில் அங்கே குழந்தைகளும் சேர்ந்துவிடுகின்றனர்.